மூன்று மீடியமும் ஒரு பச்சை ஃபைலும்

பவி கண்ணு,

நீ அனுப்பிய வாய்ஸ் நோட், பஸ் கடம்தலாவை நெருங்கும்போதுதான் என் போனில் வந்து விழுந்தது. போர்ட் பிளேரில் உன்னைக் கப்பல் ஏற்றிவிட்டு வீடு திரும்ப ரங்கத் பஸ்ஸில் உட்கார்ந்தவன், பழங்குடி ரிசர்வ் காட்டுக்குள் போலீஸ் காவலோடு வண்டிகள் வரிசையாகப் போகிற கான்வாயில் சிக்னல் இருக்காது என்று தெரிந்தும் போனைக் கையிலேயே பிடித்திருந்தேன். வந்ததும் காதில் வைத்துக் கேட்டேன். திரும்பக் கேட்டேன். நாலாவது தடவை பக்கத்து சீட்டு பெங்காலி அண்ணன், மகள் மெயின்லேண்ட் போகிறாளா என்று கேட்டார். மூஞ்சியிலேயே எழுதியிருந்திருக்கும் போல. நீ சொன்னது எனக்கு மனப்பாடம்: "அப்பா, கப்பல் கெளம்பிடுச்சு, டவர் போகப் போகுது. ஃபைல் என் பேக்லதான் இருக்கு, நீ வெச்சத பாத்துட்டேன். அத காலேஜ்ல குடுக்கறதா வேணாமான்னு நான் இன்னும் முடிவு பண்ணல. மொதல்ல நீ ஒண்ணு சொல்லு. அன்னிக்கு அபர்டீன் பஜார்ல அத எதுக்கு துணிக்கட பைக்குள்ள மறைச்ச? டைப் பண்ணி அனுப்பாத. பேசி அனுப்பு."

பேசித்தான் அனுப்புவேன். ஆனால் எழுதி வைக்காமல் பேசினால் நான் எங்கே போவேன் என்று உனக்குத் தெரியும். நம் போன் ரிப்பேர் கடையில் சார்ஜிங் போர்ட் மாற்றுவதை வீடியோவில் பேச ஆரம்பித்து மாயாபந்தர் மழையில் முடித்தவன் நான். அதனால் முதலில் எழுதுகிறேன். நீ சென்னையில் இறங்க மூன்று நாள் ஆகும், அதுவரை கடலில் உனக்கு நெட் இல்லை. இறங்கிய மறுநாள் அட்மிஷன். அந்த ஃபாரத்தில், மாணவருக்குப் படிப்பில் ஏதாவது உதவி தேவையா என்று ஒரு கட்டம் இருக்கிறது. அந்தக் கட்டத்தில் நீ என்ன எழுதப்போகிறாய் என்று உன் அம்மா நேற்றிலிருந்து மூன்று தடவை கேட்டுவிட்டாள். எனக்குத் தெரியாது என்று சொன்னேன். நீ கேட்டதற்குப் பதில் சொல்ல மட்டும்தான் எனக்கு உரிமை இருக்கிறது.

உனக்குப் படிப்பு வரவில்லை என்று நாங்கள் முதலில் நினைத்தபோது நீ இரண்டாம் வகுப்பு, தமிழ் மீடியம். வரவில்லை என்றா சொன்னேன்? அந்த வயதில் எந்த மாடல் போனுக்கு எந்த ஸ்க்ரூ என்று எடுத்துக் கொடுத்தவள் நீ. கடையில் வருகிறவர்களிடம் ஹிந்தி, பெங்காலி, தெலுங்கு என்று ஆளைப் பார்த்து மாற்றிப் பேசுவாய். ஆனால் பாடப் புத்தகத்தைத் திறந்தால் முதல் வரியிலேயே நின்றுவிடுவாய். கொம்பு முன்னால் நிற்கிறதே, அதை ஏன் அப்புறம் சொல்ல வேண்டும் என்று கேட்பாய். எனக்குப் பதில் தெரியாது, அதனால் அதட்டுவேன். மெயின்லேண்டில் ஒரு குழந்தைக்குப் படிப்பு வரவில்லை என்றால் டியூஷன் வைப்பார்கள். நம் தீவில் எல்லோரும் ஒரே குரலில் சொல்வது வேறு: மீடியத்தை மாற்றிப் பாருங்கள். வீட்டில் தமிழ், விளையாடுவது ஹிந்தியில், கடையில் பெங்காலி, குழந்தை பாவம் குழம்பிப்போகிறது என்று காய்கறிக்காரரிலிருந்து போஸ்ட்மேன் வரை சொன்னார்கள். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. நானும் அதை நம்பி உன்னை மூன்றாம் வகுப்பில் ஹிந்தி மீடியத்துக்கு மாற்றினேன். பேச்சு ஹிந்திதானே, எழுத்தும் வந்துவிடும் என்று கணக்குப் போட்டேன். வரவில்லை. ஐந்தாம் வகுப்பில் இங்கிலீஷ் மீடியம். இருபத்தாறு எழுத்துதானே, இதில் என்ன கஷ்டம் என்று உன் முன்னாலேயே சொன்னேன். ஒரு எழுத்து வரிசையோடு மல்லுக்கட்டி நீ பாதி ஜெயித்து வரும்போதெல்லாம் அதைப் பிடுங்கிவிட்டு இன்னொன்றைக் கையில் கொடுத்திருக்கிறேன். மூன்று முறையும் புதுப் புத்தகத்துக்கு நான்தான் பிரவுன் அட்டை போட்டேன், ரொம்ப உற்சாகமாக.

அது போதாதென்று வீடியோ வேறு. எனக்கு இந்தத் தொழிலை யாரும் சொல்லித்தரவில்லை, முழுக்க முழுக்க வீடியோ பார்த்துக் கற்றது. செத்துப்போன போர்டு உயிர் பெற்று எழுந்தால் எனக்கு உலகத்தையே சரிசெய்துவிடலாம் என்று தோன்றும். அந்தத் திமிரில் உன்னையும் சரிசெய்யப் பார்த்தேன். மஞ்சள் பிளாஸ்டிக் ஷீட்டைப் பக்கத்தின் மேல் வைத்துப் படிக்கச் சொன்னேன். தவழ்ந்தால் மூளை விழிக்கும் என்று ஒருத்தன் சொன்னான் என்று ஒன்பது வயதுப் பெண்ணை ஹாலில் தவழ விட்டேன். மீன் எண்ணெய் மாத்திரை வாங்கினேன். உன் அம்மா அந்த டப்பாவைப் பார்த்துவிட்டு, "நாலு பக்கமும் கடல், மத்தியானம் சூரை, ராத்திரி சூரை, அதுக்கு மேல மாத்திர வேறயா?" என்று கேட்டாள். இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிக்கிறாள். ஸ்டாப்வாட்ச்சுக்கு மட்டும் அவள் சிரிப்பதில்லை. தினமும் சாயந்தரம் போனில் ஸ்டாப்வாட்ச்சை ஓடவிட்டு உன்னைப் படிக்கச் சொல்வேன், நேற்றைவிட இன்று வேகமா என்று பார்க்க. நீ புத்தகத்தைப் பார்க்காமல் அந்த எண்கள் ஓடுவதையே பார்ப்பாய்.

ஒருநாள் ஒரு முழுப் பக்கத்தையும் தடங்கலில்லாமல் படித்தாய், ஞாபகமிருக்கிறதா? சந்தோஷத்தில் வீடியோ எடுத்து என் ரிப்பேர் வீடியோ பக்கத்தில் போட்டேன். லைக் எண்ணிக்கொண்டே திரும்ப ஓட்டிப் பார்த்தபோதுதான் கண்ணில் பட்டது, உன் விரல் இரண்டாவது வரியில் இருக்கும்போது உன் வாய் ஆறாவது வரியில் இருந்தது. அம்மாவை ஒரு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டு மொத்தத்தையும் மனதில் ஏற்றியிருக்கிறாய். ஏமாற்றிவிட்டாய் என்று கத்தினேன். வீடியோவை அழித்தேன். பவி, இப்போது எனக்கு அந்த வீடியோ வேண்டும் போல் இருக்கிறது. ஒரு பக்கத்தை ஒரே தடவை கேட்டுவிட்டு ஒரு வார்த்தை பிசகாமல் திருப்பிச் சொல்கிற பத்து வயதுப் பெண்ணை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். பார்த்தும் எனக்கு அது தெரியவில்லை.

தெரிந்தது மௌஷுமி டீச்சருக்கு. நீ எட்டாம் வகுப்பில் இருக்கும்போது வந்தார்கள். ஒரு ஸ்கூலோடு நிற்கிற டீச்சர் இல்லை அவர்கள். படிக்கச் சிரமப்படுகிற பிள்ளைகளுக்காக ஸ்கூல் ஸ்கூலாகப் போகிற ரிசோர்ஸ் டீச்சர். வாரத்தில் இரண்டு நாள் உங்கள் ஸ்கூல், ஒரு நாள் ஏரட்டா ஜெட்டியில் படகேறி லாங் ஐலண்ட். படகு ஆடினால் வாந்தி வரும் அவர்களுக்கு. எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு போவார்கள், ஆனால் ஒரு வாரம் விடமாட்டார்கள். தோள்பையில் எப்போதும் ஒரு எவர்சில்வர் தட்டு, ஒரு டப்பா ரவை, நடுவில் ஜன்னல் வெட்டிய கறுப்பு அட்டை. தட்டில் ரவையைப் பரப்பி எழுத்தை விரலால் எழுதச் சொல்வார்கள், எழுதிக்கொண்டே அந்த ஓசையையும் சொல்லச் சொல்வார்கள். அட்டையைப் பக்கத்தின் மேல் வைத்தால் ஒரு வார்த்தை மட்டும் தெரியும், மற்றதெல்லாம் மறைந்துவிடும். இதையெல்லாம் நீ வீட்டில் வந்து செய்து காட்டியபோது, இதற்கா ஒரு டீச்சர் என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. என் மஞ்சள் ஷீட் தோற்ற இடத்தில் ரவை ஜெயித்துவிடுமா என்று ஒரு பொறாமை கூட இருந்திருக்கும்.

அந்த ரவைத் தட்டுக்கு நான் இப்போது எவ்வளவு பெரிய ரசிகன் என்று உனக்கே தெரியும், என் கடைக்கு வருகிற பாதிப் பேருக்கும் தெரியும். ஆனால் அவர்கள் செய்ததிலேயே பெரியது வேறு ஒன்று என்று நினைக்கிறேன். கணக்கு சாரிடம் போய், இந்தப் பெண்ணுக்குக் கேள்வியை மட்டும் வாசித்துக் காட்டுங்கள், பதிலை வாயால் வாங்குங்கள் என்று கேட்டார்கள். அவர் முதலில் முறைத்தார், பிறகு ஒரு பரீட்சைக்குச் சரி என்றார். நீ வரிசையாகப் பதில் சொல்லச் சொல்ல, அவர் வினாத்தாளை முடித்துவிட்டுக் கடைசியில் தானே ஒரு கஷ்டமான கணக்கைச் சேர்த்தாராம். அதையும் போட்டுவிட்டாய். மறுநாள் அவர் கடைக்கு வந்து என்னிடம் சொன்னது இதுதான்: "உங்க பொண்ணு கணக்குல ஃபெயில் ஆகல சார். கணக்குக்கு முன்னாடி இருக்குற வாக்கியத்துலதான் ஃபெயில் ஆயிட்டு இருந்திருக்கா. நாங்கதான் கவனிக்கல." ஒரு வாத்தியார் பஜாரில் நாலு பேர் முன்னால் அப்படிச் சொல்வது லேசான விஷயமா? எனக்கு அந்தத் துணிச்சல் வர இன்னும் எத்தனையோ வருஷமானது.

ஒன்பதாம் வகுப்பில் மௌஷுமி டீச்சர் ஒரு ஃபாரத்தோடு கடைக்கு வந்தார்கள். போர்ட் பிளேர் ஆஸ்பத்திரியில் உன்னைச் சோதித்து ஒரு சான்றிதழ் வாங்கினால், பத்தாம் வகுப்புப் பரீட்சையில் கூடுதல் நேரம் கிடைக்கும், நீ சொல்வதை எழுத ஒரு ஆள் கிடைக்கும், அதற்கு அப்பா கையெழுத்து வேண்டும் என்றார்கள். ஃபாரத்தின் தலைப்பிலேயே ஊனம் என்ற அர்த்தத்தில் ஒரு வார்த்தை இருந்தது. நான் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். என் பெண்ணுக்கு ஒரு குறையும் இல்லை என்று ஹிந்தியில் சத்தமாகச் சொன்னேன். டீச்சர் கோபப்படவில்லை. குறை என்று நானும் சொல்லவில்லையே என்று மட்டும் சொன்னார்கள். நீ கவுண்டருக்குப் பின்னால் ஒரு போனைப் பிரித்துக்கொண்டிருந்தாய். தலை நிமிராமலேயே பேசினாய்.

"அப்பா, நீ வீடியோ பாக்கும்போது எத்தன தடவ நிறுத்துவ?"

எனக்குப் புரியவில்லை.

"அந்த டிஸ்ப்ளே வீடியோவ நேத்து பத்து செகண்ட் ஓட்டி, நிறுத்தி, திரும்ப பின்னாடி போயி, மறுபடி ஓட்டி... நான் எண்ணவே விட்டுட்டேன். உன்ன யாராச்சும் ஒரே தடவ பாத்துட்டு செய்யினு சொன்னாங்களா? வீடியோ எதுக்கு, புக்க படிச்சு கத்துக்கோனு சொன்னாங்களா? டீச்சர் எனக்கு கேக்கறது அந்த நிறுத்துற பட்டன்தான்ப்பா. வேற ஒண்ணும் இல்ல."

பிறகு ஒரு குட்டி ஸ்க்ரூவை எடுத்துக் காந்தத்தில் ஒட்ட வைத்தாய், ஒன்றுமே நடக்காத மாதிரி. பதினான்கு வயது உனக்கு. எத்தனை பேர் எனக்கு எத்தனை விதமாகச் சொல்லியிருப்பார்கள், ஒன்றும் மண்டையில் ஏறவில்லை. என் தொழிலை எடுத்து என் முன்னாலேயே வைத்து நீ சொன்னது ஏறிவிட்டது. பேனாவை டீச்சரிடமிருந்தே வாங்கிக் கையெழுத்துப் போட்டேன். அவர்கள் அந்த ஃபாரத்தை ரவை டப்பாவுக்கும் தட்டுக்கும் நடுவில் பத்திரமாகச் செருகிக்கொண்டு போனார்கள்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். விடிவதற்குள் பஸ் பிடித்து போர்ட் பிளேர் போனோம். சோதனை முடிந்து இன்னொரு முறையும் போக வேண்டியிருந்தது. அந்த இரண்டாவது முறைதான் சான்றிதழ் கிடைத்தது. பச்சை ஃபைல் ஒன்று வாங்கி அதில் போட்டாய், நீயே தேர்ந்தெடுத்த பச்சை. அபர்டீன் பஜாரில் சமோசா சாப்பிட்டுக்கொண்டு நின்றோம். அப்போது எதிரே, நம் கடைக்கு நேர் எதிரில் பாத்திரக்கடை வைத்திருக்கிற செல்வம் மாமா வந்துகொண்டிருந்தார். நான் சட்டென்று பக்கத்துத் துணிக்கடைக்குள் நுழைந்து ஒரு பிளவுஸ் பிட் வாங்கினேன். துணிக்காக வாங்கவில்லை, பைக்காக வாங்கினேன். உன் கையிலிருந்த ஃபைலைப் பிடுங்கி அந்தப் பைக்குள் போட்டேன். என்ன இந்தப் பக்கம் என்று மாமா கேட்டார். சும்மா துணி எடுக்க வந்தோம் என்றேன். நீ பாதி சமோசாவோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய். அன்றைக்கு பஸ்ஸில் ரங்கத் வரும்வரை ஜன்னலைத்தான் பார்த்தாய். காட்டைப் பார்க்கிறாய் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைத்துக்கொள்வது எனக்கு வசதியாக இருந்தது.

ஏன் மறைத்தேன்? நாளைக்குக் கல்யாணப் பேச்சு வரும்போது யாராவது ஏதாவது சொல்வார்கள் என்று அம்மாவிடம் சொன்னேன். அது பொய். அப்படி ஒரு எண்ணமே அந்த நிமிஷம் எனக்கு வரவில்லை. எதைக் கொண்டு வந்தாலும் சரி செய்துவிடுவான் என்று ரங்கத் பஜாரில் எனக்கு ஒரு பெயர் இருந்தது. என் சொந்த மகளிடம் நான் ஏழு வருஷம் செய்தது அத்தனையும் தப்பு என்று அந்தக் காகிதத்தில் எழுதியிருக்கிற மாதிரி எனக்குப் பட்டது. நான் செய்ததை மறைத்தேன், கண்ணு. உன்னை மறைக்கவில்லை. ஆனால் நீ அந்தப் பக்கத்தில் நின்று பார்த்தபோது உனக்கு வேறு மாதிரிதான் தெரிந்திருக்கும். பதினைந்து வயது கூட ஆகாத பெண்ணுக்கு, அப்பா தன்னைத்தான் மறைக்கிறார் என்றல்லாமல் வேறு எப்படித் தெரியும்? இதை நான் இத்தனை வருஷம் உன்னிடம் பேசவில்லை. நீயும் கேட்கவில்லை. நேற்று ஹடோ ஜெட்டியில் கப்பலுக்கு வரிசையில் நிற்கும்போது, "அங்க போய் மொத நாளே நான் இப்படித்தான்னு சொல்லணுமாப்பா? யாருக்கும் தெரியாம இருந்துக்கறேனே" என்று நீ சொன்னாய். அந்தக் குரலை எனக்கு நன்றாகத் தெரியும். துணிக்கடைக்குள் நுழைந்தது அந்தக் குரல்தான்.

அதற்கு அப்புறமும் நான் என்ன செய்தேன் பார். நீ தண்ணீர் பாட்டில் வாங்கப் போன நேரத்தில், வேண்டாம் என்று நீ வீட்டிலேயே ஒதுக்கி வைத்து, நான் எடுத்து வந்திருந்த ஃபைலை உன் பேக்கின் அடியில், சுடிதாருக்குக் கீழே திணித்தேன். நல்லதுக்குத்தானே என்று நினைத்தேன். மஞ்சள் ஷீட் வாங்கும்போதும் நல்லதுக்குத்தானே என்றுதான் நினைத்தேன். உன்னிடம் கேட்காமல் அதை மறைத்தேன், கேட்காமல் திரும்பவும் வைத்தேன். இரண்டுக்கும் சேர்த்து மன்னிப்புக் கேட்கிறேன். நீ அதைக் கடலில் போட்டிருந்தாலும் எனக்குக் கேட்க வாய் இல்லை.

உனக்கு நீயே எப்படித் தெரிகிறாய் என்று எனக்குத் தெரியாது. எனக்கு எப்படித் தெரிகிறாய் என்று சொல்கிறேன், கொஞ்சம் அதிகமாகப் போனால் பொறுத்துக்கொள். பத்தாம் வகுப்புப் பரீட்சையில் உனக்கு எழுத வந்த அந்த ஒன்பதாம் வகுப்பு தெலுங்குப் பெண், முதல் நாள் முடிந்து வெளியே வந்ததும் அவள் அம்மாவிடம், அக்கா சொல்லச் சொல்ல எழுதியதில் எனக்கே அடுத்த வருஷப் பாடம் புரிந்துவிட்டது என்று சொன்னாள். நான் வாசலில் நின்று கேட்டேன். நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, அவள் எழுதி முடித்தாளா என்று பார்த்து, அப்புறம் அடுத்ததைச் சொல்வாயாம். உன்னை யாரும் அப்படி நடத்தாத வருஷங்களுக்குப் பிறகு நீ அவளை அப்படி நடத்தியிருக்கிறாய். பிளஸ் டூ முடித்து என் கடையில் உட்கார்ந்த காலத்தில், இங்கே ஆஸ்பத்திரியில் ஒரு மெஷின் கெட்டுப்போய் மெயின்லேண்டிலிருந்து ஆள் வருகிறவரை மூடிக் கிடந்ததைப் பார்த்துவிட்டு வந்தாய். அதைச் சரிசெய்ய ஒரு படிப்பு இருக்கிறதா என்று கேட்டாய். கேட்டதோடு நிற்காமல் டிப்ளமோ, காலேஜ், தேதி எல்லாவற்றையும் போனைப் படிக்கச் சொல்லிக் காதால் கேட்டு நீயே கண்டுபிடித்தாய். நான் சும்மா கையெழுத்துப் போட்டவன். உன் மீது எனக்கிருப்பது பாசம் மட்டும் என்று நினைக்காதே. பாசம் எல்லா அப்பனுக்கும் இருக்கும். நான் உன் ரசிகன்.

இன்று காலை கடை திறந்ததும் ஒருவர் வந்தார். ஏரட்டா பக்கம் மீன் பிடிக்கிறவர், தெலுங்குக்காரர். தண்ணீரில் விழுந்த போன். பிரித்துக்கொண்டிருக்கும்போது பேச்சுவாக்கில், மகள் நாலாவது படிக்கிறாள், படிப்பே ஏறவில்லை, தெலுங்கு மீடியத்திலிருந்து ஹிந்திக்கு மாற்றலாமா என்று கேட்டார். கடையில் இன்னும் நாலு பேர் நின்றார்கள். செல்வம் மாமாவும் சில்லறைக்காக வந்து நின்றிருந்தார். என் கை வேலையில் இருந்தது, அதனால் குனிந்தபடியே ஆரம்பித்தேன். பாதியில் நிமிர்ந்துவிட்டேன்.

"மாத்தாதீங்க அண்ணே. நான் மூணு மீடியம் மாத்துனவன். என் பொண்ணுக்கு டிஸ்லெக்ஸியா. எழுத்த படிக்க அவளுக்கு வேற வழி வேணும், கூட நேரம் வேணும், அவ்வளவுதான். அதுக்குனு ஒரு டீச்சர் ஸ்கூலுக்கு வர்றாங்க. மொதல்ல அவங்கள போய் பாருங்க."

அந்த வார்த்தையை நான் பஜாரில் சொன்னது இதுதான் முதல் தடவை. செல்வம் மாமா கையிலிருந்த நோட்டை மடித்துச் சட்டைப்பையில் போட்டார். அப்புறம், "அன்னிக்கு போர்ட் பிளேர்ல துணி எடுக்க வந்தேன்னு சொன்னீங்களே, இதுக்குத்தானா? ஏன்யா, எங்கிட்ட சொல்லியிருந்தா நானும் ஒரு சமோசா வாங்கிக் குடுத்திருப்பேனே அந்தப் புள்ளைக்கு" என்றார். அவ்வளவுதான், பவி. அந்த மனிதருக்குப் பயந்துதான் ஒரு பிளவுஸ் பிட் வாங்கினேன். மீன்காரர் மௌஷுமி டீச்சர் எந்தக் கிழமை வருவார்கள் என்று கேட்டு, என் பழைய பில் ஒன்றின் பின்பக்கம் எழுதி வாங்கிக்கொண்டு போனார். அவருடைய போன் பிழைக்கவில்லை. அதற்கு அவர் வருத்தப்பட்ட மாதிரியும் தெரியவில்லை.

இதை வைத்து நீயும் சொல்லிவிடு என்று நான் கேட்கவில்லை. நான் சொன்னது என் கதை. அந்தக் கட்டத்தில் எழுதுவது உன்னுடையது. முதல் நாளே சொல்லலாம், ஒரு மாதம் கழித்துச் சொல்லலாம், யாரிடம் என்று பார்த்தும் சொல்லலாம். நீ அதைக் காலியாக விட்டாலும் நான் போன் பண்ணிக் கேட்கும் முதல் கேள்வி சாப்பிட்டாயா என்பதாகத்தான் இருக்கும். இந்தக் கடிதத்தை என் வீடியோ பக்கத்தில் போட்டால் மீடியம் மாற்ற நினைக்கிற இன்னும் சில அப்பாக்கள் பார்ப்பார்கள் என்று ஆசை இருக்கிறது. ஆனால் நீ கேட்டு முடித்து, சரி என்று சொன்னால்தான். இந்தத் தடவை கேட்காமல் எதையும் செய்யமாட்டேன்.

சரி, எழுதி முடித்துவிட்டேன். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, ஃபேனை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருக்கிறேன், சத்தம் வராமல் இருக்க. இதை முதலிலிருந்து உனக்கு வாசிக்கப்போகிறேன். ஒரு தடவை பழகிப் பார்த்தேன், மூன்று இடத்தில் நின்றுவிட்டேன், ஒரு வரியை இரண்டு தடவை படித்தேன். பரவாயில்லை. கேட்கப்போவது நீ. நடுவில் நான் எவ்வளவு நேரம் நின்றாலும் நீ ஸ்டாப்வாட்ச்சை எடுக்கமாட்டாய்.

ரெக்கார்ட் பட்டனை அழுத்துகிறேன்.

அப்பா